பிளாக் கோபாலிமரில் ஸ்டைரீன் அளவு மாறினால் வெப்பப் பண்பும் பாய்வும் எப்படி மாறும்: படிப்படியாக அளந்தறியும் முழுமையான வழிகாட்டி

பிளாக் கோபாலிமர் என்பது வெவ்வேறு அலகுகளின் நீண்ட தொகுதிகள் ஒரே சங்கிலியாக இணைந்த பாலிமர். ஸ்டைரீன்–ஐசோப்ரீன்–ஸ்டைரீன் என்ற மூன்று தொகுதிப் பாலிமரை, அதாவது எஸ்.ஐ.எஸ். மாதிரியை, ஒரே ரியோமீட்டரில் (பாய்வை அளக்கும் கருவி) மூன்று மாணவர்கள் அளந்தால் மூன்று விதமான பாகுநிலை வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது கருவியின் குற்றமல்ல. மாதிரி எந்த வெப்பப் பாதையில் வந்தது, அளக்கும்போது அதன் உள்ளமைப்பு ஒழுங்காக இருந்ததா, குலைந்து போயிருந்ததா என்பதை யாரும் குறித்து வைக்காததுதான் காரணம்.

இந்த வழிகாட்டி 15, 30, 44 விழுக்காடு ஸ்டைரீன் கொண்ட மூன்று எஸ்.ஐ.எஸ். மாதிரிகளை எடுத்துக்கொண்டு, கலவை விகிதம் கண்ணாடி மாற்ற வெப்பநிலையையும் (கண்ணாடிபோல் இறுகிய பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) உருகுநிலைப் பாய்வையும் எப்படி மாற்றுகிறது என்று அளந்தறியும் வரிசையைச் சொல்கிறது. படிகளை முன்பின்னாக மாற்றிச் செய்யக்கூடாது. ஒவ்வொரு படியும் அடுத்த படியின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கருவிகளில் டி.எஸ்.சி. (சூடாக்கும்போது மாதிரி ஏற்கும் வெப்பத்தை அளப்பது), டி.எம்.ஏ. (அதிர்த்து விறைப்பை அளப்பது), நைட்ரஜன் சூழலில் இயங்கும் அடுப்புடன் கூடிய ரியோமீட்டர் ஆகிய மூன்றும் வேண்டும். மாதிரி தயாரிக்க வேக்குவம் அவன், சூடாக்கி அழுத்தும் பிரஸ், டெஃப்லான் தட்டு, தூய டொலுயீன், ஏதேனும் ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் ஆகியவை போதும்.

டி.எஸ்.சி. கருவியின் குளிரூட்டி எவ்வளவு கீழே இறங்கும் என்பதை முதலிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள். பாலிஐசோப்ரீனின் கண்ணாடி மாற்றம் சுமார் −60 டிகிரி செல்சியஸில் வருவதால், −90 டிகிரி வரை இறங்கும் சாதாரணக் குளிரூட்டி அதற்குப் போதுமானது. நடுத் தொகுதி பாலிபியூட்டடையீனாக இருந்தால் (எஸ்.பி.எஸ். மாதிரி), அதன் மாற்றமே −90 டிகிரிக்கு அருகில் வருவதால், திரவ நைட்ரஜன் இல்லாமல் அந்தப் படி கண்ணில் படாது. புதிதாக வருபவர்களுக்கு எஸ்.பி.எஸ். மாதிரியைவிட எஸ்.ஐ.எஸ். மாதிரியை நான் பரிந்துரைப்பதற்கு இது ஒரு காரணம்.

2. கலவையை ஒரே எண்ணாக எழுதாதீர்கள்

புட்டியின் மேல் '30 விழுக்காடு ஸ்டைரீன்' என்று ஒட்டியிருப்பதை அப்படியே வரைபடத்தின் கிடை அச்சில் போடுவதுதான் முதல் தவறு. கலவை என்பது குறைந்தது நான்கு எண்கள்: ஸ்டைரீனின் பருமப் பின்னம், ஒவ்வொரு தொகுதியின் மூலக்கூறு எடை, கலந்திருக்கும் இருதொகுதிச் சங்கிலிகளின் அளவு, நடுத் தொகுதியின் நுண்ணமைப்பு (அதன் அலகுகள் எந்தெந்த இடத்தில் இணைந்துள்ளன என்பது).

எடை விழுக்காட்டை என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) மூலம் நீங்களே சரிபார்த்துக்கொள்வது நல்லது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கரைப்பானில் எஞ்சியிருக்கும் குளோரோஃபார்மின் கோடு 7.26 பி.பி.எம். இடத்தில் விழுந்து, ஸ்டைரீன் வளையத்தின் கோடுகளோடு கலந்துவிடும். ஆகவே மொத்த வளையப் பரப்பை எடுக்காமல், தொகுதியாக அமைந்த ஸ்டைரீனின் ஆர்த்தோ ஹைட்ரஜன்கள் இரண்டும் தனியாகத் தெரியும் 6.3 முதல் 6.8 வரையிலான பகுதியை மட்டும் எடுத்து 2-ஆல் வகுக்க வேண்டும். ஐசோப்ரீனுக்கு 5.1 அருகிலுள்ள பரப்பை அப்படியே எடுத்து, 4.7 அருகிலுள்ள பரப்பை 2-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆர்த்தோ பரப்பு 40, 5.1 பரப்பு 68, 4.7 பரப்பு 5 என்று வைத்துக்கொண்டால், ஸ்டைரீன் 20 மோல், ஐசோப்ரீன் 70.5 மோல் ஆகும். இவற்றை முறையே 104.15, 68.12 ஆகியவற்றால் பெருக்கினால் எடைகள் 2083, 4802 என வரும். ஸ்டைரீனின் எடைப் பங்கு சுமார் 30 விழுக்காடு.

இனி அதைப் பருமப் பின்னமாக மாற்ற வேண்டும், ஏனெனில் உள்ளமைப்பு கோளமா உருளையா அடுக்கா என்பதைத் தீர்மானிப்பது எடையன்று, இடம்தான். பாலிஸ்டைரீனின் அடர்த்தியை 1.05 என்றும் பாலிஐசோப்ரீனின் அடர்த்தியை 0.91 என்றும் கொண்டால், 15, 30, 44 எடை விழுக்காடுகள் முறையே சுமார் 13, 27, 40 பரும விழுக்காடுகளாகக் குறைகின்றன. இந்த வேறுபாட்டைச் சிறியது என்று ஒதுக்கிவிட முடியாது. எல்லைக்கு அருகிலுள்ள ஒரு மாதிரி, எடைக் கணக்கில் ஓர் அமைப்பிலும் பருமக் கணக்கில் வேறோர் அமைப்பிலும் விழக்கூடும்.

சங்கிலியின் இருவகைத் தொகுதிகளும் ஒன்றோடொன்று கலக்காமல் நன்றாகப் பிரிந்திருக்கும்போது, சிறுபான்மைக் கூறு சுமார் 17 முதல் 20 பரும விழுக்காட்டுக்குக் கீழே கோளங்களாகவும், அதற்கு மேல் சுமார் 33 வரை உருளைகளாகவும், ஏறத்தாழ 37-க்கு மேல் அடுக்குகளாகவும் அமையும். உருளைக்கும் அடுக்குக்கும் இடையிலுள்ள குறுகிய பகுதியில் ஜைராய்டு என்ற பின்னல் அமைப்பு வரலாம். நம் மூன்று மாதிரிகளும் கோளம், உருளை, அடுக்கு என்று வசதியாக ஒவ்வொன்றில் விழுகின்றன. அதற்காகவே இவற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

மூலக்கூறு எடையில் அதிக கவனம் வேண்டும். சந்தையில் கிடைக்கும் ரகங்களில் ஸ்டைரீன் அளவு மட்டுமே மாறுவதில்லை. பதப்படுத்த எளிதாக இருக்கட்டும் என்று ஸ்டைரீன் கூடும்போது சங்கிலி நீளத்தைக் குறைத்திருப்பார்கள். அத்தகைய மூன்று ரகங்களை வாங்கி, பாகுநிலைக்கும் ஸ்டைரீன் அளவுக்கும் ஒரு கோடு வரைந்து, 'ஸ்டைரீன் கூடினால் பாகுநிலை குறைகிறது' என்று முடிவெழுதிய அறிக்கைகளைத் திருத்தியிருக்கிறேன். அந்தக் கோடு காட்டியது சங்கிலி நீளத்தையே. மேலும், பாலிஸ்டைரீன் தரங்களைக் கொண்டு திருத்தப்பட்ட ஜி.பி.சி. (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்து மூலக்கூறு எடை காணும் முறை), பாலிஐசோப்ரீன் பகுதியின் எடையை உண்மையைவிட அதிகமாகவே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இருதொகுதிச் சங்கிலிகளின் அளவை ஜி.பி.சி. வரைபடத்தில் முதன்மை உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும் சிறிய உச்சியிலிருந்து பெறலாம். இருபுறமும் ஸ்டைரீன் உள்ள சங்கிலி, ஸ்டைரீன் தொகுதிகள் ஒன்றுகூடிய இரண்டு திட்டுகளுக்கு இடையே பாலமாக நிற்க முடியும். ஒருபுறம் மட்டுமே ஸ்டைரீன் உள்ள சங்கிலியால் அது முடியாது. ஆகவே ஒரே ஸ்டைரீன் அளவுள்ள இரு மாதிரிகளில் இருதொகுதி அதிகமுள்ளது மென்மையாகவும், உருகும்போது எளிதாகப் பாய்வதாகவும் இருக்கும்.

3. எல்லா மாதிரிகளையும் ஒரே வெப்பப் பாதைக்குக் கொண்டுவருதல்

புட்டியிலிருந்து எடுத்த குருணையை நேரடியாகக் கருவியில் வைக்காதீர்கள். தொழிற்சாலையில் அது எப்படிக் குளிர்ந்தது என்பது நமக்குத் தெரியாது.

பாலிமரின் எடையில் 0.5 விழுக்காடு ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்து, டொலுயீனில் சுமார் 10 விழுக்காட்டுக் கரைசலாகக் கரைத்து, டெஃப்லான் தட்டில் ஊற்றி, மேலே தளர்வாக மூடி, ஒரு வாரம் மெதுவாக ஆவியாக விடுங்கள். டொலுயீன் இரண்டு தொகுதிகளையும் ஏறத்தாழ சமமாகக் கரைக்கிறது. அதுவே அதைத் தேர்வதற்கான காரணம். சைக்ளோஹெக்சேன் ரப்பர் பகுதிக்கு அதிகமாகச் சாய்கிறது, மெத்தில் எத்தில் கீட்டோன் ஸ்டைரீன் பகுதிக்குச் சாய்கிறது. அவற்றில் வார்த்த படலம் தன் கலவைக்கு உரிய அமைப்பைக் காட்டாமல், கரைப்பானின் விருப்பத்தைக் காட்டும்.

அடுத்தது உலர்த்துதல். முதலில் 60 டிகிரியில் வேக்குவத்தில் ஒரு நாள், பின்பு 120 டிகிரியில் ஒன்று அல்லது இரண்டு நாள் வையுங்கள். 60 டிகிரியோடு நிறுத்திவிட்டால், பாலிஸ்டைரீன் திட்டுகள் கண்ணாடியாக இறுகி, உள்ளே சிக்கிய டொலுயீனை வெளியே விடாது. 120 டிகிரி என்பது அவற்றின் கண்ணாடி மாற்றத்துக்கு மேலே இருப்பதால், கரைப்பானும் வெளியேறும், சங்கிலிகளும் தமக்குரிய இடத்தில் அமரும்.

ஒருமுறை ஒரு மாணவி 30 விழுக்காட்டு மாதிரிக்கு ஸ்டைரீன் கண்ணாடி மாற்றம் 60 டிகிரிக்குச் சற்று மேலே வருகிறது என்று காட்டி, அதற்கு இரு தொகுதிகளும் எல்லையில் கலந்துவிடுவதே காரணம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். நான் அந்தப் படலத்தைக் கத்தரியால் வெட்டி மூக்கருகில் கொண்டுபோனேன். வெட்டிய விளிம்பில் டொலுயீன் வாடை இன்னும் இருந்தது. மீண்டும் 120 டிகிரியில் வைத்தெடுத்தபின் அதே மாதிரி 90-ஐ ஒட்டி வந்தது. இப்போதெல்லாம் அடுத்தடுத்த இரண்டு எடைபோடலில் எடை மாறாமல் நிற்கும் வரை நாங்கள் எந்தப் படலத்தையும் டி.எஸ்.சி. அறைக்கு அனுப்புவதில்லை.

4. டி.எஸ்.சி.: இரண்டு படிகளின் இடமும் உயரமும்

இண்டியத்தின் உருகுநிலையான 156.6 டிகிரியை வைத்துக் கருவியைத் திருத்தியபின், 10 மில்லிகிராம் மாதிரியை −90 முதல் 150 டிகிரி வரை நைட்ரஜனில் சூடாக்கி, அதே வேகத்தில் குளிர்வித்து, மீண்டும் சூடாக்குங்கள். இரண்டாம் சூடாக்கலையே கணக்கில் கொள்ள வேண்டும், ஏனெனில் முதலாவதில் மாதிரி அறை வெப்பநிலையில் கிடந்து மூப்படைந்ததன் தடயமும் சேர்ந்து வரும்.

வேகத்தை 10 டிகிரி அல்ல, நிமிடத்துக்கு 20 டிகிரி என்று வையுங்கள். காரணம் எளிய கணக்கு. பாலிஸ்டைரீனின் வெப்ப ஏற்புத்திறன் தன் கண்ணாடி மாற்றத்தில் கிராமுக்கு, டிகிரிக்கு சுமார் 0.3 ஜூல் உயர்கிறது. 30 விழுக்காட்டு மாதிரியில் அது 0.09 ஆகச் சுருங்கும். 10 மில்லிகிராம் மாதிரியில், 10 டிகிரி வேகத்தில் படியின் உயரம் 0.15 மில்லிவாட் மட்டுமே. 20 டிகிரி வேகத்தில் அது 0.3 மில்லிவாட்டாகிறது. 15 விழுக்காட்டு மாதிரியில் இதிலும் பாதிதான் கிடைக்கும் என்பதால், அடிக்கோடு சற்றே வளைந்திருந்தாலும் படி அதில் மறைந்துவிடும். 'ஸ்டைரீன் மாற்றம் காணப்படவில்லை' என்று எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நேர்மை.

படிகளின் இடத்தை இப்படி வாசிக்க வேண்டும். கீழ்ப்படி மூன்று மாதிரிகளிலும் −60 டிகிரியை ஒட்டியே நின்றால், தொகுதிகள் நன்றாகப் பிரிந்துள்ளன என்று பொருள். ஸ்டைரீன் கூடக்கூட அது மேலே நகர்ந்தால், ஸ்டைரீன் ரப்பருக்குள் கலந்திருக்கிறது.

மேல்படி அப்படியன்று, அது முனைத் தொகுதியின் நீளத்தைப் பொறுத்தது. மொத்த மூலக்கூறு எடை 1,00,000 என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதிரிகளின் முனைத் தொகுதிகள் முறையே 7,500, 15,000, 22,000 ஆகும். ஃபாக்ஸ்–ஃப்ளோரி உறவின்படி, 100 டிகிரியிலிருந்து 1,00,000-ஐ மூலக்கூறு எடையால் வகுத்ததைக் கழித்தால், தனிப் பாலிஸ்டைரீனுக்கு 87, 93, 95 டிகிரி கிடைக்கும். பிளாக் கோபாலிமரில் ரப்பரோடு ஒட்டிய எல்லைப் பகுதியின் தாக்கத்தால் உண்மையான அளவு பெரும்பாலும் இதற்கும் கீழேயே வரும், படியும் அகன்று தெரியும். ஆக, ஸ்டைரீன் விழுக்காடு கூடியதால் மேல்படி உயர்ந்தது என்று சொல்வது பாதி உண்மை. முனைத் தொகுதி நீண்டதால் உயர்ந்தது என்பதே சரியான வாசகம்.

உயரத்தையும் அளந்துவிடுங்கள். கண்ட உயரத்தைக் கிராமுக்கு, டிகிரிக்கு ஜூல் என்ற அலகுக்கு மாற்றி 0.3-ஆல் வகுத்தால், தனித் திட்டாக இருக்கும் ஸ்டைரீனின் பங்கு கிடைக்கும். அது என்.எம்.ஆர். தந்த பங்கைவிடக் குறைவாக வந்தால், மீதி ஸ்டைரீன் எல்லைப் பகுதியில் இருக்கிறது.

5. டி.எம்.ஏ.: ஒரே ஒரு ஓட்டம் போதும்

படலத்தை இழுவிசை முறையில், 1 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், நிமிடத்துக்கு 3 டிகிரி வேகத்தில் −90-லிருந்து சூடாக்குங்கள். டி.எஸ்.சி.யில் மங்கலாகத் தெரிந்த ஸ்டைரீன் மாற்றம் இங்கே விறைப்பைக் காட்டும் குணகத்தின் வீழ்ச்சியாகப் பளிச்சென்று தெரியும். டான் டெல்டா (ஆற்றல் இழப்புக்கும் சேமிப்புக்கும் உள்ள விகிதம்) உச்சி டி.எஸ்.சி. அளவைவிடச் சில டிகிரி மேலே வருவது இயல்பு. இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒரே தலைப்பின்கீழ் போட்டுவிடக்கூடாது.

இங்கே கவனிக்க வேண்டியது அறை வெப்பநிலையில் உள்ள சமதளம். கோள அமைப்பிலிருந்து உருளைக்கு நகரும்போது அது உயரும். அடுக்குக்கு வந்ததும் பாலிஸ்டைரீன் தகடுகளாகத் தொடர்ந்து நிற்பதால், மாதிரி ரப்பர்போல் நடப்பதை விட்டுப் பிளாஸ்டிக்போல் விறைத்துக்கொள்ளும். 90 டிகிரியைத் தாண்டியதும் படலம் கவ்விகளுக்கிடையே இழைபோல் நீண்டு அறுந்துவிடும். அதற்கு மேல் அளக்க வேண்டியதை ரியோமீட்டருக்கு விட்டுவிடுங்கள்.

6. ரியோமீட்டர்: ஏற்றுதல், திரிபு, நேரம் என்ற வரிசை

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

படலத்தை 150 டிகிரியில் பிரஸ்ஸில் மெதுவாக அழுத்தி, 25 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள வட்டாக்குங்கள். அவசரமாக அழுத்தினால் உருளைகளும் அடுக்குகளும் பாய்வுத் திசையில் திரும்பிவிடும்; அதன்பின் நீங்கள் அளப்பது கலவையின் பண்பாக இல்லாமல் உங்கள் கை வேகத்தின் பண்பாகிவிடும். தட்டுகளுக்கிடையிலான பூஜ்ய இடைவெளியை அளக்கப்போகும் வெப்பநிலையிலேயே எடுக்க வேண்டும், ஏனெனில் தட்டுகளும் தண்டும் சூட்டில் நீளும்.

ஒழுங்குள்ள உருகு, சாதாரணப் பாலிஎத்திலீன்போல் தானாகப் பரவி இடைவெளியை நிரப்பாது. தட்டை இறக்கியதும் செங்குத்து விசை ஏறி, மிக மெதுவாக இறங்கும். அது ஏறத்தாழ நிலைத்த பிறகே அளவீட்டைத் தொடங்குங்கள். விளிம்பில் குழிவு தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். குழிந்திருந்தால் தட்டு முழுவதும் நிரம்பவில்லை, குணகம் குறைவாக வரும்.

முதல் சோதனை திரிபு வருடல், அதாவது உருமாற்றத்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பது. வினாடிக்கு 10 ரேடியன் அதிர்வெண்ணில் (இனி வரும் ரேடியன் எண்களும் வினாடிக்கே) 0.1 விழுக்காட்டிலிருந்து மேலே போய், மீள்தன்மையைக் காட்டும் சேமிப்புக் குணகம் எங்கே சரியத் தொடங்குகிறது என்று பாருங்கள். மற்ற பாலிமர்களுக்கு 5 அல்லது 10 விழுக்காட்டுத் திரிபு பாதுகாப்பானது என்ற பழக்கம் இங்கே செல்லாது. ஒழுங்கமைந்த பிளாக் கோபாலிமரில், குணகம் மாறாமல் நிற்கும் நேர்கோட்டு எல்லை ஒரு விழுக்காட்டை ஒட்டியே முடிந்துவிடலாம். எல்லையைத் தாண்டிய வட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது, ஏனெனில் பெரிய சறுக்கு (தட்டுகளுக்கிடையே மாதிரி பக்கவாட்டில் இழுபடுவது) உள்ளமைப்பைத் திருப்பியிருக்கும். புதிய வட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சோதனை நேர வருடல். போகப்போகும் மிக உயர்ந்த வெப்பநிலையில், நைட்ரஜனில், ஒரு மணி நேரம் குணகம் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பாலிஐசோப்ரீன் சிதையும்போது சங்கிலி அறுபடுவதால் குணகம் இறங்கும்; பாலிபியூட்டடையீன் குறுக்குப் பிணைப்பு ஏற்பதால் குணகம் ஏறும். நைட்ரஜன் குழாய் கழன்றிருந்ததைக் கவனிக்காமல் ஓட்டிய ஓர் எஸ்.பி.எஸ். மாதிரியை நான் வெளியே எடுத்தபோது, வட்டின் விளிம்பில் மட்டும் பழுப்பு நிறத்தில் கெட்டியான தோல் கட்டியிருந்தது. நடுப்பகுதி நிறம் மாறாமல் இருந்தது. வட்டத் தட்டில் திருப்புவிசைக்கு விளிம்பே அதிகப் பங்களிப்பதால், அந்த மெல்லிய தோலே முழு அளவீட்டையும் கெடுத்துவிட்டது.

நேர வருடலை முன்னால் வைப்பதற்குக் காரணம் அடுத்த படிகளின் நீளம். 0.01 ரேடியன் அதிர்வெண்ணில் ஒரே ஒரு சுற்றுக்கு 628 வினாடி ஆகிறது. அந்த அதிர்வெண் வரை வருடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடிவிடும். மாதிரி இருபது நிமிடமே தாங்கும் என்றால், 0.1 ரேடியனோடு நிறுத்திக்கொள்வதைத் தவிர வழியில்லை.

7. வெப்பநிலை ஏற்றம்: ஒழுங்கு எங்கே குலைகிறது

இனி, 0.1 ரேடியன் அதிர்வெண்ணில், நேர்கோட்டு எல்லைக்குள், நிமிடத்துக்கு 1 டிகிரி வேகத்தில் 120-லிருந்து மேலே ஏற்றுங்கள். இந்த அதிர்வெண்ணில் ஒரு சுற்று 63 வினாடி எடுப்பதால், ஏறத்தாழ டிகிரிக்கு ஒரு புள்ளி கிடைக்கும். வேகத்தைக் கூட்டினால் புள்ளிகள் ஒன்றோடொன்று மங்கிவிடும்.

ஒழுங்கு குலையும் இடத்தில் சேமிப்புக் குணகம் சில டிகிரிக்குள் செங்குத்தாகச் சரியும். அதிர்வெண்ணை 10 ரேடியனாக வைத்தால் இந்தச் சரிவு தெரியாது. வேகமான அதிர்வில் சங்கிலியின் சிறு துண்டுகள் மட்டுமே அசைகின்றன. அவற்றுக்கு ஒழுங்கும் குலைவும் ஒன்றே. மெதுவான அதிர்வில்தான் திட்டுகளின் வரிசையே நகர வேண்டியிருக்கிறது. 'எங்கள் மாதிரியில் குலைவே இல்லை' என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அதிர்வெண்ணைத்தான்.

இந்த வெப்பநிலை எங்கே விழும் என்பதை முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம். இரு கூறுகளின் ஒவ்வாமையைக் குறிக்கும் ஃப்ளோரி–ஹக்கின்ஸ் எண்ணைச் சங்கிலியின் மொத்த நீளத்தால் பெருக்கிய மதிப்பு, சமபங்கு இருதொகுதிச் சங்கிலியில் 10.5-ஐயும், சமபங்கு முத்தொகுதிச் சங்கிலியில் சுமார் 18-ஐயும் தாண்டினால்தான் ஒழுங்கு பிறக்கும் என்பது சராசரிப்புலக் கோட்பாட்டின் கணக்கு. பங்கு சமநிலையிலிருந்து விலக விலக இந்த எல்லை உயர்ந்துகொண்டே போகும். வெப்பநிலை ஏறினால் ஒவ்வாமை எண் குறையும். ஆகவே சங்கிலி நீளம் ஒன்றாக இருக்கும் மூன்று மாதிரிகளில் 13 பரும விழுக்காட்டு மாதிரியே முதலில் குலையும். 40 பரும விழுக்காட்டு மாதிரி சிதையும் வெப்பநிலை வரை ஒழுங்காகவே நிற்கக்கூடும்.

இடையில் ஒரு விநோதம் வரலாம். ஸ்டைரீன் 18 எடை விழுக்காட்டை ஒட்டியிருக்கும் எஸ்.ஐ.எஸ். மாதிரியில், ஒழுங்கு குலைவதற்கு முன்பே சுமார் 180 டிகிரியில் உருளைகள் துண்டாகிக் கோளங்களாக மாறுவதைக் காணலாம். அப்போது சேமிப்புக் குணகம் இறங்குவதற்குப் பதில் ஏறும், ஏனெனில் முப்பரிமாணத்திலும் வரிசைப்பட்ட கோளங்கள் எந்தத் திசையிலும் எளிதாக வழுக்காது. இதைக் குறுக்குப் பிணைப்பு என்று நினைத்து ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். குளிர்வித்து மீண்டும் ஏற்றிப் பாருங்கள். அதே இடத்தில் அதே ஏற்றம் வந்தால் அது அமைப்பு மாற்றம், ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் சிதைவு.

கோள அமைப்புள்ள மாதிரியில் சரிவைக் கண்டதும் தொகுதிகள் முழுவதும் கலந்துவிட்டன என்றும் எழுதக்கூடாது. வரிசை மட்டும் குலைந்து, கோளங்கள் தனித்தனியே மிதந்துகொண்டிருக்கும் நிலை அங்கே உண்டு. குலைவு வெப்பநிலையைச் சூடாக்கும் ஓட்டத்திலிருந்தே எடுங்கள். குளிர்விக்கும்போது ஒழுங்கு மீள்வதற்கு நேரம் பிடிப்பதால், அது சில டிகிரி கீழே தள்ளிப்போகும்.

8. அதிர்வெண் வருடல்: சரிவின் கோணத்தை வாசித்தல்

குலைவு வெப்பநிலைக்கு 20 டிகிரி கீழே ஒன்றும், மேலே ஒன்றுமாக 100 முதல் 0.01 ரேடியன் வரை வருடி, மடக்கை அச்சுகளில் வரையுங்கள். குலைந்த நிலையில் தாழ் அதிர்வெண்ணில் சேமிப்புக் குணகத்தின் சரிவு 2-ஐயும் பாய்வில் இழக்கும் ஆற்றலைக் காட்டும் இழப்புக் குணகத்தின் சரிவு 1-ஐயும் நெருங்கும். இது சாதாரண உருகின் நடத்தை, இங்கே மட்டுமே நிலையான பாகுநிலை என்ற ஒன்று உண்டு. திசைப்படாத அடுக்கு அமைப்பில் இரண்டும் சுமார் 0.5 சரிவில் இணையாகச் செல்லும். உருளையில் சரிவு அதைவிடச் சற்றுக் குறையும். வரிசைப்பட்ட கோளத்தில் சேமிப்புக் குணகம் கிடையாகவே நின்றுவிடும்.

கிடையாக நிற்கும் மாதிரியின் பாகுநிலை, அதிர்வெண் குறையக் குறைய முடிவின்றி ஏறிக்கொண்டே போகும். அதற்குப் 'பூஜ்ய சறுக்கு வேகப் பாகுநிலை' என்று ஒரு மதிப்பைப் பொருத்திப் பிழிந்தெடுக்கும் மென்பொருளை நம்பக்கூடாது. அந்த மாதிரி ஒரு குறிப்பிட்ட தகைவைத் தாண்டும் வரை பாய்வதே இல்லை.

பல வெப்பநிலைகளின் வளைவுகளை நகர்த்தி ஒன்றாக்கும் பழக்கத்தையும் இங்கே ஒதுக்கி வையுங்கள். ஸ்டைரீன் திட்டும் ரப்பரும் வெப்பத்துக்கு வெவ்வேறு வேகத்தில் இளகுகின்றன என்பதால் ஒரே நகர்வுக் காரணி இரண்டுக்கும் பொருந்தாது. கட்டக் கோணத்தை (தகைவுக்குத் திரிபு எவ்வளவு பின்தங்குகிறது என்பதை)க் குணகத்துக்கு எதிரே வரைந்து பாருங்கள். வளைவுகள் பிரிந்து நின்றால் நகர்த்தக்கூடாது.

9. உருகு பாய்வு எண்ணும் கேப்பிலரியும்

உருகு பாய்வு எண், 200 டிகிரியில் 5 கிலோ எடையின்கீழ் 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வெளியேறுகிறது என்ற ஒற்றை எண். தொழிற்சாலையில் சரக்கு மாறவில்லை என்று பார்ப்பதற்கு அது நல்லது, கலவையின் விளைவை அறிய உதவாது. ஒரே எண் காட்டும் இரு மாதிரிகளில் ஒன்று ஒழுங்காகவும் மற்றது குலைந்தும் இருக்கலாம்.

நுண்குழாய் வழியே உருகைத் தள்ளிப் பாகுநிலை காணும் கேப்பிலரி அளவீட்டை அதிர்வெண் வருடலோடு ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தும் காக்ஸ்–மெர்ஸ் விதி, ஒழுங்குள்ள மாதிரிகளில் நிற்காது. தொடர்ந்து பாயும்போது திட்டுகள் உடைந்து திசை திரும்புவதால், கேப்பிலரி காட்டும் பாகுநிலை குறைவாகவே இருக்கும். இரண்டையும் தனித்தனியே அறிக்கையில் கொடுங்கள்.

10. மூன்று மாதிரிகளையும் ஒன்றாக வைத்து வாசித்தல்

இதுவரை வந்த எண்களை ஒப்பிடும்போது, ஒரே வெப்பநிலையில் ஒப்பிடுவதா, குலைவு வெப்பநிலையிலிருந்து ஒரே தூரத்தில் ஒப்பிடுவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 170 டிகிரியில் மூன்றையும் ஒப்பிட்டால், ஒன்று குலைவுக்கு மிக அருகிலும் மற்றொன்று வெகு தொலைவிலும் நிற்கும். பதப்படுத்துபவருக்கு அந்த ஒப்பீடு தேவை. பண்பின் காரணத்தை அறிய விரும்புபவருக்கு இரண்டாவது ஒப்பீடே பயன்படும்.

ரப்பர் சமதளத்தின் உயரம் முழுவதும் ஸ்டைரீனால் வருவதென்றும் எண்ணிவிடக்கூடாது. நடுத் தொகுதியின் சங்கிலிச் சிக்கல்களும் அதில் சேர்கின்றன. பாலிபியூட்டடையீனின் சங்கிலிகள் சுமார் 2,000 மூலக்கூறு எடைக்கு ஒரு சிக்கலும், பாலிஐசோப்ரீனின் சங்கிலிகள் சுமார் 5,000 முதல் 6,000-க்கு ஒரு சிக்கலும் போடுகின்றன. அதனால்தான் அதே ஸ்டைரீன் அளவுள்ள எஸ்.பி.எஸ்., எஸ்.ஐ.எஸ். மாதிரியைவிட விறைப்பாக இருக்கிறது.

11. நடுத் தொகுதியை மாற்றிப் பார்க்க விரும்பினால்

பாலிபியூட்டடையீனில் 1,2 இணைப்புகள் (பக்கக் கிளை விட்டு இணையும் அலகுகள்) கூடினால் அதன் கண்ணாடி மாற்றம் மேலே ஏறும், ஆகவே டி.எஸ்.சி.யின் கீழ்ப்படி நகர்ந்தால், ஸ்டைரீன் கலந்தது என்று சொல்வதற்கு முன் இந்த அளவை என்.எம்.ஆரில் பாருங்கள்.

நடுத் தொகுதியை ஹைட்ரஜனேற்றிய எஸ்.இ.பி.எஸ். மாதிரியில் கணக்கு வேறு. ஹைட்ரஜனேற்றத்தால் நடுத் தொகுதிக்கும் ஸ்டைரீனுக்கும் ஒவ்வாமை மிகவும் கூடிவிடுவதால், வழக்கமான சங்கிலி நீளத்தில் ஒழுங்கு குலையும் வெப்பநிலை சிதைவு வெப்பநிலைக்கு அப்பால் போய்விடுகிறது. 1,2 இணைப்புகள் போதாத மாதிரியாக இருந்தால், எத்திலீன் வரிசைகள் படிகமாகி, டி.எஸ்.சி.யில் கண்ணாடிப் படியின் பக்கத்தில் அகன்ற உருகல் மேடு ஒன்றும் தெரியும்; அதைக் கண்ணாடி மாற்றத்தோடு சேர்த்து உயரம் அளந்துவிடாதீர்கள். இந்த மாதிரிக்கு ஏழாம் படியை விட்டுவிட்டு, நேர வருடல் அனுமதிக்கும் வெப்பநிலைகளில் எட்டாம் படியை மட்டும் செய்து, 'அளந்த எல்லைக்குள் ஒழுங்கு குலையவில்லை' என்று எழுதுங்கள். அந்த எல்லை எத்தனை டிகிரி, எத்தனை ரேடியன் என்பதையும் அதே வரியில் குறிப்பிட வேண்டும்.